சீசனுக்கு முன்னே ஓர் ஊர்க்கூட்டம்

ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் வாத்திய அணிவகுப்போடு நுவரெலியாவில் சீசன் தொடங்கும். குதிரைப் பந்தயம், மகாகஸ்தோட்டையில் மோட்டார் பந்தயம், விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக் கரையில் ராட்டினமும் மரணக் கிணறும் இரவு இசை நிகழ்ச்சியும் என்று மாதம் முழுக்க ஊர் நிரம்பி வழியும். பாடசாலை விடுமுறையும் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து வருவதால் கொழும்பு, குருநாகல், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லாத் திசையிலிருந்தும் சனம் ஏறி வருகிறது. கீழ்நாட்டு வெக்கையில் வெந்துபோனவர்கள் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக ஆசைப்படுவதில் என்ன குறை இருக்கிறது? வரட்டும். இன்னும் நிறையப் பேர் வரட்டும்.

ஆனால் சீசனுக்குப் புறப்படும் குடும்பங்கள் போடும் திட்டத்தில் பெரும்பாலும் இரண்டே இடங்கள்தான் இருக்கின்றன. ஒன்று புறப்படும் வீடு, மற்றது போய்ச் சேரும் நுவரெலியா. இடையிலுள்ள மலையும் ஊரும் மனிதரும் கணக்கிலேயே இல்லை. அவிசாவளையிலிருந்து ஏறும் ஏ7 வீதி கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று நம் திம்புள்ளப் பக்கத்தின் நடுவாகத்தான் போகிறது. கொழுந்து லொறி ஸ்டோருக்குப் போவதும், பிள்ளைகள் டியூஷனுக்குப் போவதும், பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதும் அதே வீதியில்தான். சீசனை நுவரெலியா மாநகர சபை மட்டும் நடத்தவில்லை. பத்தனைச் சந்தியில் தேநீர் ஊற்றுபவரும், வீதியோரம் மரக்கறி விற்கும் அக்காவும், நெரிசலில் லொறியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருக்கும் தோட்டத்து டிரைவரும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். அப்படியென்றால் அதைப் பற்றி முன்கூட்டியே உட்கார்ந்து பேசும் இடத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஒரு பாய் போட வேண்டும். இங்கே நான் கேட்பது இதைத்தான்.

இந்தக் கொண்டாட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளைக்காரர் குளிர் தேடி வந்து நுவரெலியாவைத் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டார்கள். ஆளுநர் கிரகரி காலத்தில் 1873இல் வாவி கட்டப்பட்டது, 1889இல் கோல்ப் கழகம் வந்தது, 1897இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைரவிழாவுக்காகப் பூங்கா அமைந்தது. இலைநோய் கண்டு கோப்பி அழிந்து திம்புள்ள மலைகளில் தேயிலை ஏறிய காலமும் அதுதான். தோட்டத்துத் துரைமார் ஏப்ரலில் குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போனபோது நம் பாட்டன், முப்பாட்டன்மாரும் போனார்கள். குதிரையைப் பிடிக்கவும், பெட்டியைத் தூக்கவும், பங்களாக் குசினியில் சமைக்கவும் போனார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் உழைத்த காசோடு வீட்டுக்கு வந்து, அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாவியில் படகேறப் போகிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. சீசனைத் திட்டித் தீர்ப்பவர்களோடு என்னால் சேர முடியாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், சீசன் இல்லாத ஏப்ரலை நாம் பார்த்துவிட்டோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்ததும் நுவரெலியா ஒரே நாளில் வெறிச்சோடியது. 2020இல் ஊரடங்கு. 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் மைல் கணக்கில் வரிசை. அந்த வருடங்களில் பெரிய ஹோட்டல்காரருக்கு நட்டம் வந்தது, அவர் தாங்கிக்கொண்டார். ஸ்ட்ரோபெரி விற்றவரும், அறை துப்புரவு செய்த பெண்ணும், ஆட்டோவுக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருந்த பையனும் நகையை அடகு வைத்தார்கள். ஆகவே கூட்டத்தைக் குறைப்பது நம் நோக்கமாக இருக்க முடியாது. வருகிற கூட்டத்தின் பாரத்தை ஒழுங்காகப் பகிர்ந்து சுமப்பது எப்படி என்பதுதான் பேச்சு.

முதலில் வீதி. 2023 ஜனவரி 20ஆம் திகதி, கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ரதெல்லக் குறுக்கு வீதியில் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் செத்துப்போனார்கள். வேனிலும் முச்சக்கரவண்டியிலும் வந்தவர்கள் அவர்கள், நம் பக்கத்து மக்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் செங்குத்துப் பாதையில் பார வாகனங்களுக்குத் தடை வந்தது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலைப் பக்கம் கெரண்டி எல்ல பகுதியில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைப்பாதை மன்னிக்காது. அதைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறோம், தெரியாதவர்கள் வருகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

சீசன் நாட்களில் நானுஓயாவுக்குக் கீழே ஏதாவது ஒரு வளைவில் வேன் ஒன்று ஓரங்கட்டி நிற்பதைப் பார்க்கலாம். முன்சக்கரத்துப் பக்கம் மெல்லிசாகப் புகை வரும், கருகின நாற்றம் மூக்கில் ஏறும். பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் இறங்கித் தேயிலைக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். டிரைவர் போத்தலில் தண்ணீரோடு சக்கரத்தை நோக்கிக் குனிவார். பக்கத்து லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து கையைப் பிடிப்பார். “ஊத்தாதீங்க தம்பி, டிரம் வெடிச்சிரும். அரை மணித்தியாலம் அப்பிடியே நிக்கட்டும். இனி ரெண்டாம் கியரிலயே எறக்குங்க, பிரேக்க மிதிச்சிக்கிட்டே வராதீங்க.” இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் லைனிங் சூடேறிப் பிடியை விட்டுவிடும். காற்று பிரேக் உள்ள பஸ் என்றால் அடிக்கடி மிதிக்க மிதிக்க டாங்கியில் காற்றும் இறங்கும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது இங்கே டிரைவர் வேலைக்குப் போகும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். லயத்திலிருந்து ஓடிவந்த அந்த மனிதருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் செய்தது பொதுப் பணி. அதை ஹட்டனிலும் நானுஓயாவிலும் ஏறும் வழியிலும் இறங்கும் வழியிலும் பொலிஸாரும் நம் பக்கத்து அனுபவமுள்ள டிரைவர்மாரும் சேர்ந்து ஒரு தரிப்பிடம் வைத்துச் செய்தால் என்ன? பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு பிளேன்டீ கொடுத்து, தூக்கம் கண்ணைக் கட்டுகிற டிரைவரை ஒரு மணித்தியாலம் படுக்கச் சொல்லி அனுப்புவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

வருகிறவர்களுக்கும் இதில் கடமை உண்டு. பயணத்துக்கு வேன் பேசும்போது எவ்வளவு காசு என்று கேட்கிறோம், ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். மலையில் ஓட்டிப் பழகிய டிரைவரா, மாற்று டிரைவர் உண்டா என்றும் கேளுங்கள். இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் வந்து சேரும் பயணத்தைத் தவிருங்கள். ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும், அதன் பின்னால் பனிமூட்டம் இறங்கும், முன்னால் போகும் வண்டியின் சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியாது. காலையில் வெளிக்கிட்டு மதியத்துக்குள் மலையேறிவிடுவது நல்லது. ரயிலில் வர முடிந்தால் நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஆனால் பாதை திறந்திருக்கிறதா, எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. சரிந்த மலை சீக்கிரம் இறுகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் சாமான் கட்டாதீர்கள். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஓர் அழைப்பு எடுத்தால் போதும்.

ஹட்டன் வழியாக ஏறுபவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். சிவனொளிபாத மலைக்குப் போகும் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீளும். ஏப்ரலில் ஹட்டன் நகரம் இரண்டு கூட்டத்தை ஒரே நேரத்தில் தாங்குகிறது. மஸ்கெலியாப் பக்கம் திரும்பும் யாத்திரிகர், நுவரெலியாப் பக்கம் திரும்பும் சுற்றுலாப் பயணிகள், நடுவில் புத்தாண்டுக்குச் சீத்தைத் துணி எடுக்க வந்த தோட்டத்துச் சனம்.

கொழுந்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கீழ்நாட்டு வாசகர் கேட்கலாம். திம்புள்ளத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவது ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட காற்றிலும் இராக் குளிரிலும் வளரும் கொழுந்து. ஏப்ரலில் மழை விழுந்ததும் மலை முழுக்கத் துளிர்த்துக் கொழுந்து குவியும். சீசனும் பெருங்கொழுந்தும் ஒன்றாகத்தான் வருகின்றன. காலையில் எடுத்த கொழுந்து நிறுவை முடிந்து சாக்கில் அடைபட்டு லொறியில் ஏறினால் நேரத்தோடு ஸ்டோருக்குப் போய்த் தட்டில் விரிய வேண்டும். நெரிசலில் இரண்டு மணித்தியாலம் நின்றால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துபோகும். அந்தக் கொழுந்தில் நல்ல தூள் வராது. ஒரு பெண் கூடையைத் தலையில் மாட்டிச் சரிவில் ஏறி இறங்கி நாள் முழுக்க எடுத்தது, வீதியில் நின்ற வாகன வரிசையால் வீணாகிறது. கொழுந்து லொறிக்கும் அம்புலன்சுக்கும் எந்த நேரமும் வழிவிட வேண்டும் என்பது சீசன் போக்குவரத்துத் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டாலும் நானுஓயாவில் மூன்று வரிசையாக வாகனங்கள் நின்றால் அது பறந்து போகாது. லிந்துலையில் வைத்துப் பார்க்க முடியாத நோயாளியை நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான் ஏற்றுகிறோம்.

பெரிய பஸ்களை நகருக்குள் விடாமல் வெளியிலேயே நிறுத்தி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ஹட்டன், நுவரெலியா டிப்போக்களிலிருந்து சிறு பஸ்களை இடைவிடாமல் ஓட்டலாம். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை சிறு ரயிலே ஓடியது. 1948இல் அதை மூடினார்கள். கூட்டத்தை நானுஓயாவில் இறக்கிப் பொது வண்டியில் மேலே ஏற்றுவது இந்த மலைக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

அடுத்தது தண்ணீரும் குப்பையும். கிரகரி வாவியின் தண்ணீர் நானுஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியில் கலக்கிறது. நடுவில் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம். 2012இல் திறந்த 150 மெகாவாட் மின்நிலையத்துக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. வாவிக் கரையில் ஒரு குழந்தை தெரியாமல் விட்ட ஐஸ்கிரீம் கோப்பை பல ஊர்களைக் கடக்கும் என்பதை அந்தக் குழந்தையின் அப்பா அறிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு அதைச் சொல்ல வேண்டியது கோப்பை விற்றவரும், கடை போட இடம் கொடுத்த சபையும்.

டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஏப்ரல் நடுப்பகுதியில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். எதிரே 97 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் வெள்ளைச் சேலை போல் விழுகிறது. காலடியில் லன்ச் சீற், கறி ஒட்டிய சோற்றுப் பார்சல், யோகட் கோப்பை, குழந்தையின் பம்பர்ஸ், உடைந்த பியர் போத்தல். தடுப்புக் கம்பிக்கு அப்பால் சரிவிலும் தேயிலைச் செடிகளின் மேலும் பொலித்தீன் தொங்கும். ஏழரைக்கு மலைக்கு வரும் பெண்கள் போத்தல் ஓட்டில் கால் வைக்காமல் அந்த நிரையில் நின்று கொழுந்து எடுக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ போன்றவற்றுக்கு நாட்டில் தடை. சட்டம் கொழும்பில் அச்சாகி வெளிவந்தது, இந்தச் சரிவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். வாசலில் பையைத் திறந்து காட்டி, பொலித்தீனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். யாரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. அதே மனிதர்கள்தான் இங்கேயும் வருகிறார்கள். அங்கே ஒழுங்காக நடப்பவர் இங்கே எறிந்துவிட்டுப் போவது ஏன் என்றால், அங்கே வாசலில் ஓர் ஆள் நின்று கேட்கிறார், இங்கே யாரும் கேட்பதில்லை.

யார் கேட்பது, யார் அள்ளுவது என்பதில் நமக்குப் பழைய சிக்கல் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்க விடாமல் நீண்ட காலம் தடுத்து வைத்திருந்தது. வாக்குப் போட்டோம், வீதிவிளக்குக் கேட்டால் அது தோட்டம் என்றார்கள். குப்பை அள்ளக் கேட்டால் துரையிடம் கேள் என்றார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எனப் புதுச் சபைகளும் இயங்கத் தொடங்கின. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இப்போது அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள். தோட்டத்து எல்லைக்குள் நிற்கிற குப்பை என்று சொல்லி இனிச் சபை ஒதுங்க முடியாது. வீதியோரக் குப்பை என்று சொல்லிக் கம்பனியும் ஒதுங்க முடியாது. சீசன் மாதத்தில் நுவரெலியா மாநகர சபைக்குக் கடை இட வாடகையாலும் வாகனத் தரிப்பிடத்தாலும் வரும் வருமானத்தில் ஒரு பங்கை, வழியிலுள்ள சபைகளின் துப்புரவுத் தொழிலாளருக்கு மேலதிகக் கொடுப்பனவாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வருமானம் மேலே நிற்க, குப்பை மட்டும் கீழே வருவது நியாயமில்லை.

நம் பக்கத்துக் குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் மற்றவரிடம் பொறுப்புக் கேட்க நமக்கு வாய் இல்லை. சீசன் வந்தால் ஆட்டோக் கூலி மூன்று மடங்காகிறது. வழி தெரியாமல் மழையில் குழந்தையோடு நிற்கிற குடும்பத்திடம் வாயில் வந்ததைக் கேட்பது உழைப்பு ஆகாது. நம் லயத்துப் பீலிக்கரையிலும் கான்களிலும் வருடம் முழுக்கக் கிடக்கும் ஷம்பூ பக்கெற்றுகளைக் கொழும்புக்காரர் கொண்டுவந்து போடவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த தம்பிமார் குடித்துவிட்டு மூன்று பேராக மோட்டார் சைக்கிளில் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் ஓடுகிறார்கள். எத்தனை வீட்டில் புத்தாண்டு அன்று ஒப்பாரி கேட்டிருக்கிறோம். தலைவர்மாரும் கோயில் கமிட்டிக்காரரும் அந்தப் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் கேட்பார்கள். பொலிஸ் சொல்லிக் கேட்காதவன் மாமன் சொல்லிக் கேட்பான்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீசன் பார்க்கப் போக வேண்டும் என்று வருடம் முழுக்கச் சீட்டுக் கட்டிக் காசு சேர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ராட்டினத்து வரிசையில் இடித்துவிட்டு நிற்கும் கைகளுக்குப் பயந்து அவர்களை வீட்டோடு நிறுத்துவது தீர்வு ஆகாது. களியாட்ட மைதானத்தில் வெளிச்சமும், பெண் பொலிஸாரும், பெண்களுக்குத் தண்ணீர் வரும் மலசலகூடமும் இருக்க வேண்டும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும் சிறுவருக்கான 1929உம் கண்ணில் படும்படி தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும். மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தமிழர். ஆனால் வழிமாற்று அறிவித்தலும் ஒலிபெருக்கி அறிவிப்பும் சிங்களத்தில் மட்டும் வரும் நாட்கள் இன்னும் உண்டு. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஒரு தாய்க்கு அறிவிப்பு விளங்காமல் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

கொழுந்து எடுக்கிற பெண்களைப் படம் பிடிப்பது பற்றியும் வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அன்றைய கிலோ கணக்கு அவர்கள் தலையில் இருக்கிறது. நிரைக்குள் இறங்கிக் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு, செடியை மிதித்து, ட்ரோனைத் தலைக்கு மேலே பறக்கவிடுகிறவர்கள், அந்தப் பெண்ணிடம் “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்கப் பழக வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். கேட்டவர்களிடம் அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்கள், எந்தக் கடையில் நல்ல தூள் வாங்கலாம் என்றும் சொல்வார்கள். இரண்டு நாள் பயணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ வைத்துக்கொண்டால், ஓர் இரவை நுவரெலியாவுக்கு வெளியே உள்ள சிறு விடுதியில் கழித்தால், அந்தக் காசு வழியிலுள்ள ஊர்களுக்கும் வரும், நகர நெரிசலும் குறையும். 13ஆம், 14ஆம் திகதிகளை ஒட்டிய நாட்களைவிட மாதத் தொடக்கத்திலோ கடைசி வாரத்திலோ வந்தால் அறையும் கிடைக்கும், மலர்களையும் அமைதியாகப் பார்க்கலாம்.

இத்தனை காரியத்தையும் ஓர் அலுவலகம் உத்தரவு போட்டு நடத்த முடியாது. ஆனால் இதை நடத்தும் முறை நமக்குத் தெரியும். எந்தத் தோட்டத்திலும் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற முன்பே கோயிலடியில் கூட்டம் கூடும். வீட்டுக்கு வரி எவ்வளவு, தேர் எந்த லயத்து வழியாகப் போகும், அன்னதானத்துக்கு விறகு யார் பொறுப்பு, பீலியில் தண்ணீர் குறைந்தால் எந்த டிவிஷனிலிருந்து கொண்டுவருவது, வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர் எங்கே படுப்பார்கள் என்று ஒவ்வொன்றும் பேசி முடிவாகும். சண்டை வரும். போன வருடத்துக் கணக்கைக் கேட்பார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார், இரண்டு பேர் போய்க் கூட்டி வருவார்கள். கடைசியில் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். ஆயிரக்கணக்கில் சனம் வந்து போகும் திருவிழாவை, பொலிஸும் பட்ஜெட்டும் இல்லாமல், இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறார்கள். காமன் கூத்தும் அப்படியே. ஆளுக்கொரு வேலை, வேலைக்கொரு ஆள்.

சீசனுக்கும் அப்படி ஒரு கூட்டம் வேண்டும். மாவட்டச் செயலாளர் அதைக் கூட்டலாம். மாநகர சபை, ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை நகர சபைகள், வழியிலுள்ள பிரதேச சபைகள், பொலிஸ், வைத்தியசாலை, ரயில்வே, போக்குவரத்துச் சபை, தோட்ட முகாமையாளர்கள், தொழிற்சங்கங்கள், ஹோட்டல்காரர், ஆட்டோச் சங்கத்தார், கோயில், பள்ளிவாசல், பன்சலை, தேவாலயத்துக்காரர் எல்லோரும் வரட்டும். இவர்களோடு கொழுந்து எடுக்கும் பெண்களும் வர வேண்டும். அவர்கள் சார்பில் வேறு யாரோ பேசுவது போதாது. பிப்ரவரிக்குள் கூடினால்தான் ஏப்ரலுக்கு வேலை நடக்கும். மார்ச் கடைசியில் கூடினால் பனர் அடிக்கத்தான் நேரம் இருக்கும். முடிவுகளை இரண்டு மொழியிலும் அச்சிட்டுச் சந்திக்குச் சந்தி ஒட்ட வேண்டும். மே மாதம் திரும்பக் கூடி, யார் ஏற்றுக்கொண்ட வேலை நடந்தது, யாருடையது நடக்கவில்லை என்று பெயர் சொல்லி வாசிக்க வேண்டும்.

இடம் தலவாக்கலையாக இருந்தால் நல்லது. நுவரெலியாக்காரருக்கும் ஹட்டன்காரருக்கும் ஏறக்குறைய நடு, கீழே இறங்கி வருபவர்கள் வழியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால், கோயிலுக்கும் சந்தைக்கும் வருகிற தோட்டத்துப் பெண்கள் அப்படியே வந்து உட்காருவார்கள். பஸ் காசை மட்டும் முன்கூட்டியே யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.